காலா, கையா? ஆஸ்திரேலிய ‘ஃபுட்டி’யில் கோல் குறி தப்புவது ஏன்... சரிசெய்வது எப்படி?

2010 செப்டம்பர் 25. மெல்பர்ன் கிரிக்கெட் மைதானத்தில் 1 லட்சத்துக்கும் மேற்பட்ட ரசிகர்கள். ஆஸ்திரேலியன் ஃபுட்பால் லீக், சுருக்கமாக ஏஎஃப்எல் தொடரின் இறுதிப்போட்டி. ஆட்டம் முடிந்து சைரன் ஒலித்தபோது ஸ்கோர்போர்டு காட்டியது: காலிங்வுட் 68, செயின்ட் கில்டா 68. கோப்பை யாருக்கும் இல்லை. ‘அடுத்த வாரம் வந்து மறுபடியும் ஆடுங்கள்’ என்று இரண்டு அணிகளையும் அனுப்பிவிட்டார்கள். அப்போதைய விதி அப்படி.

அந்த 68 வந்த கணக்கைப் பார்த்தால்தான் விஷயம் புரியும். காலிங்வுட் 9 கோல், 14 ‘பிஹைண்ட்’. செயின்ட் கில்டா 10 கோல், 8 பிஹைண்ட். பிஹைண்ட் என்றால், கோல் கம்பங்களுக்குள் போகாமல் பக்கத்தில் போன பந்து. கோலுக்கு 6 புள்ளி, பிஹைண்டுக்கு 1 புள்ளிதான். இரண்டு அணிகளில் எதுவாக இருந்தாலும், பக்கத்தில் போன பந்துகளில் ஒன்றே ஒன்று சில அடி உள்ளே போயிருந்தால் கோப்பை அன்றே கைக்கு வந்திருக்கும். அடுத்த வாரம் நடந்த மறு ஆட்டத்தில் காலிங்வுட் 56 புள்ளி வித்தியாசத்தில் வென்றது. செயின்ட் கில்டா வரலாற்றில் ஒரே ஒரு பட்டம்தான், அது 1966-ல் வந்தது. அதுவும் இதே காலிங்வுட்டை வெறும் 1 புள்ளியில் வென்று. அந்த 1 புள்ளியும் ஒரு பிஹைண்டில் கிடைத்ததுதான்!

வருடம் முழுக்க இதையே தொழிலாகச் செய்யும் வீரர்கள். பல நேரம் முன்னால் யாரும் மோத வராத நிலையில், நிதானமாக உதைக்கும் வாய்ப்பு. அப்படியும் குறி தப்புவது ஏன்? இதைப் பயிற்சியால் சரிசெய்ய முடியுமா?

முதலில், ஆட்டம் என்ன?

பாக்சிங் டே டெஸ்ட் பார்ப்பவர்களுக்கு மெல்பர்ன் மைதானம் நன்றாகத் தெரியும். ஆஸ்திரேலியன் ரூல்ஸ் ஃபுட்பாலுக்கும் அதுதான் தலைமை மைதானம். தற்செயல் இல்லை. குளிர்காலத்தில் கிரிக்கெட் வீரர்கள் உடம்பைக் கெடுத்துக்கொள்ளாமல் இருக்க ஒரு ஃபுட்பால் கிளப் வேண்டும் என்று 1858-ல் பத்திரிகைக்குக் கடிதம் எழுதியவர் டாம் வில்ஸ். அவரே பெரிய கிரிக்கெட் வீரர். அடுத்த ஆண்டு, 1859-ல், மெல்பர்னில் விதிகள் எழுதப்பட்டன. கிரிக்கெட் மைதானங்களிலேயே வளர்ந்ததால் இன்றும் ஆடுகளம் நீள்வட்ட வடிவில்தான் இருக்கிறது. செல்லப் பெயர் ‘ஃபுட்டி’.

களத்தில் ஓர் அணிக்கு 18 பேர். ஒவ்வொரு முனையிலும் 4 கம்பங்கள். நடுவில் இருக்கும் 2 உயரமான கம்பங்களுக்கு இடையே போனால் கோல். அதற்கு இரண்டு பக்கமும் இருக்கும் இடைவெளியில் போனால் பிஹைண்ட். கோல் கம்பத்தில் பட்டாலும் 1 புள்ளிதான். குறுக்குக் கம்பி கிடையாது, வலை கிடையாது, எவ்வளவு உயரத்தில் போனாலும் சரி. ஆனால் போகும் வழியில் யாராவது விரலால் தொட்டுவிட்டால் கோல் கணக்கில் வராது.

குறைந்தது 15 மீட்டர் தூரம் உதைபட்டு வரும் பந்தை, தரையில் படுவதற்குள் கையில் பிடித்தால் அதற்குப் பெயர் ‘மார்க்’. பிடித்தவருக்கு யாரும் தொந்தரவு செய்யாமல் உதைக்கும் உரிமை கிடைக்கும். கோல் பக்கத்தில் அப்படிப் பிடித்து, குறிபார்த்து உதைப்பது ‘செட் ஷாட்’. கடிகாரம் 30 நொடி தரும். எதிரணி வீரர் ஒருவர் மார்க் எடுத்த இடத்தில் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கலாம், அவ்வளவுதான்.

கேட்க ஈசியாக இருக்கிறது. ஆனால் செட் ஷாட்டில்கூட ஏஎஃப்எல் வீரர்கள் பாதிக்குச் சற்று அதிகமாகத்தான் கோல் போடுகிறார்கள். இந்தக் குறிதான் சாம்பியன்களை மாற்றுகிறது. 2008 இறுதிப்போட்டி இன்னொரு சாட்சி. லீக் சுற்றின் 22 ஆட்டங்களில் ஒன்றில் மட்டுமே தோற்றிருந்த ஜீலாங், அன்று 11 கோலும் 23 பிஹைண்டும் போட்டு 89 எடுத்தது. ஹாதார்ன் 18 கோல், 7 பிஹைண்ட், மொத்தம் 115. ஜீலாங்கின் 23-ல் 11, கோல் விழாமல் தடுக்க ஹாதார்ன் வீரர்களே வேண்டுமென்று கோட்டுக்கு வெளியே தள்ளிவிட்டவை. இது பெரிய சர்ச்சையாகி 2009-ல் விதியையே மாற்ற வேண்டி வந்தது. அந்த 11-ஐக் கழித்துவிட்டாலும் ஜீலாங்குக்கு 11 கோலுக்கு 12 தவறு. 18-க்கு 7 என்ற ஹாதார்ன் கணக்கோடு ஒப்பிட்டால் கோப்பை எங்கே போனது என்று தெரிந்துவிடும்.

6.4 மீட்டர்... பெரிய இடைவெளிதானே?

இரண்டு கோல் கம்பங்களுக்கு இடையே 6.4 மீட்டர். கால்பந்து கோலின் அகலம் 7.32 மீட்டர், அதைவிட ஏறக்குறைய 1 மீட்டர் குறைவு. ஆனால் கால்பந்தில் பெனால்டி 11 மீட்டரிலிருந்து உதைக்கப்படுகிறது. ஃபுட்டியில் செட் ஷாட் 30, 40, சில நேரம் 50 மீட்டரிலிருந்து வரும்.

பள்ளிக்கூட முக்கோணவியலை வைத்துக் கணக்கிடலாம். நேர் எதிரே 20 மீட்டரில் நின்றால் கோல் சுமார் 18 டிகிரி விரிந்து தெரியும். 30 மீட்டரில் அது 12 டிகிரி. 40 மீட்டரில் 9, 50 மீட்டரில் 7 டிகிரிதான். அதாவது 50 மீட்டரிலிருந்து உதைப்பவர், நடுக்கோட்டிலிருந்து எந்தப் பக்கமும் நாலு டிகிரிகூட விலகக் கூடாது. கடிகாரத்தில் ஒரு நிமிட இடைவெளி 6 டிகிரி. அதைவிடச் சின்ன விலகல் 6 புள்ளியை 1 ஆக்கிவிடும்.

இது நேர் எதிரே நிற்கும்போது. பக்கவாட்டில் நகர நகர கோல் ஒடுங்கிக்கொண்டே போகும். 40 மீட்டர் தூரத்தில், 45 டிகிரி சாய்வில் நின்றால் 6.4 மீட்டர் இடைவெளி நாலரை மீட்டர்போலத்தான் தெரியும். எல்லைக்கோட்டை ஒட்டிய மூலைக்குப் போய்விட்டால் இரண்டு கம்பமும் ஒன்றன் பின் ஒன்றாக நிற்பதுபோல இருக்கும்.

உருண்டைப் பந்தா இருந்தா பிரச்னையே இல்லை!

ஃபுட்டி பந்து நீள்வட்டம். நீளவாக்கில் சுற்றளவு 72-73 செ.மீ., குறுக்குவாக்கில் சுமார் 55 செ.மீ. உருண்டைப் பந்து எப்படித் திரும்பியிருந்தாலும் காலில் படும் பரப்பு ஒரே மாதிரிதான். நீள்வட்டப் பந்து அப்படி இல்லை. கையை விட்டு இறங்கும்போது கொஞ்சம் சாய்ந்தாலும் காலில் வேறொரு இடம் படும், வேறு திசையில் சுழலும், வேறு பக்கம் போகும்.

இதற்காகவே ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் பல வகை உதைகள் முயற்சிக்கப்பட்டன. பந்தைத் தரையில் நிறுத்தி உதைத்தார்கள். தரையில் பட்டு எழும் கணத்தில் உதைக்கும் ‘டிராப் கிக்’ நீண்ட காலம் இருந்தது. பந்தைச் சாய்வாகப் பிடித்து, துப்பாக்கிக் குண்டுபோலத் தன் நீள அச்சில் சுழல வைப்பது ‘டார்பிடோ’. இது காற்றைக் கிழித்து அதிக தூரம் போகும். 1976-ல் நார்த் மெல்பர்ன் வீரர் மால்கம் பிளைட், கார்ல்டனுக்கு எதிராக சைரன் ஒலித்த பிறகு வெகு தொலைவிலிருந்து டார்பிடோ உதைத்து ஜெயித்த கதையை ரசிகர்கள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் டார்பிடோ சரியாகப் படாவிட்டால் எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

கடைசியில் நிலைத்தது ‘டிராப் பன்ட்’. பந்தை நிமிர்த்திப் பிடித்து, கீழே விட்டு, தரையைத் தொடுவதற்குள் அடிமுனைப் பக்கம் உதைப்பது. பந்து தலைகீழாகப் பின்னோக்கி உருண்டபடியே பறக்கும். வேகமாகச் சுற்றும் பம்பரம் சாயாமல் நிற்கிறது அல்லவா, அதே தத்துவம்தான் இங்கேயும். சீரான சுழற்சி பந்தின் அச்சை அசையவிடாமல் வைத்திருக்கும், பாதை நேராக இருக்கும். தூரம் கொஞ்சம் குறைந்தாலும் எங்கே போகும் என்று நம்பலாம். இன்று செட் ஷாட்டுகளில் பெரும்பாலானவை டிராப் பன்ட்தான்.

படிப்படியாக ஒரு டிராப் பன்ட்

வலது காலால் உதைப்பவர் என்று வைத்துக்கொள்வோம். இடது கால் என்றால் எல்லாவற்றையும் அப்படியே மாற்றிக்கொள்ளலாம்.

*பிடி:* இரண்டு கையும் பந்தின் இரு பக்கங்களில், விரல்கள் விரிந்து இருக்க வேண்டும். இறுக்கிப் பிடிக்கக் கூடாது. பந்து உடம்புக்கு நடுவில் அல்ல, உதைக்கும் வலது தொடைக்கு நேர் மேலே. மேல்முனை லேசாக உதைப்பவரின் பக்கம் சாய்ந்திருக்கும்.

*ஓட்டம்:* இலக்கை நோக்கி நேர்க்கோட்டில். மெதுவாகத் தொடங்கி, வேகத்தைச் சீராகக் கூட்ட வேண்டும். கடைசி இரண்டு அடியில் திடீரென்று வேகத்தைக் குறைப்பதும் கூட்டுவதும் ஆபத்து. காரணம் எளிது. பந்து கையை விட்ட பிறகு, விட்ட நேரத்தில் உடம்பு இருந்த வேகத்திலேயே முன்னே போகும். உடம்பு மட்டும் வேகத்தை மாற்றினால் பந்தும் காலும் தப்பான இடத்தில் சந்திக்கும்.

*பந்தை விடுவது:* எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான். இடது கை முதலில் விலகும். வலது கை மட்டும் பந்தைக் கீழே வழிநடத்திக் கொண்டுபோய், இடுப்புக்குக் கீழே விடும். தூக்கிப் போடக் கூடாது, ‘வைக்க’ வேண்டும். பந்து எந்தச் சாய்வில் கையில் இருந்ததோ அதே சாய்வில் காலுக்கு வந்து சேர வேண்டும்.

*தொடுகை:* கால்விரல்கள் முன்னோக்கி நீண்டு, கணுக்கால் இரும்புபோல இறுகியிருக்க வேண்டும். பூட்ஸ் லேஸ் கட்டும் இடத்தில் இருக்கும் கெட்டியான எலும்புப் பகுதியில் பந்தின் அடிப்பக்கம் பட வேண்டும். விரல் நுனியில் பட்டால் கணுக்கால் மடங்கி, வேகமும் திசையும் போய்விடும்.

*தொடர்ச்சி:* பந்து போன பிறகும் கால் இலக்கை நோக்கி நேராக மேலே ஏற வேண்டும். இதைப் பார்க்க வேண்டுமானால் டெய்லா ஹாரிஸின் புகழ்பெற்ற படத்தைத் தேடிப் பார்க்கலாம். பெண்களுக்கான ஏஎஃப்எல் 2017-ல் தொடங்கியது. அதில் ஆடிய ஹாரிஸ் 2019-ல் உதைத்த கணத்தை மைக்கேல் வில்சன் படம்பிடித்தார். கால் தலை உயரத்துக்கு நேராக நீண்டிருக்கும். அந்தப் படத்துக்கு வந்த ஆபாசக் கமெண்டுகளும், அதற்கு எழுந்த எதிர்ப்பும் தேசிய விவாதமாயின. அதே ஆண்டு மெல்பர்ன் ஃபெடரேஷன் சதுக்கத்தில் அந்தத் தோற்றத்திலேயே ஒரு வெண்கலச் சிலை வைக்கப்பட்டது.

குறி எங்கே தப்புகிறது?

ஓங்கி உதைப்பதைத்தான் எல்லோரும் கவனிப்பார்கள். ஆனால் காலும் பந்தும் ஒட்டியிருப்பது ஒரு நொடியில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு நேரம்தான். கண் இமைக்கும் நேரத்தைவிடப் பல மடங்கு குறைவு. அந்த நேரத்துக்குள் எந்த மனிதனாலும் எதையும் யோசித்துத் திருத்த முடியாது. பந்து கையை விட்டு காலில் படும் வரைக்கும்கூட சுமார் அரை மீட்டர் இறக்கம். புவியீர்ப்புக் கணக்குப்படி, கால் நொடிக்குச் சற்று மேல். அந்த நேரத்தில் பந்து யார் கட்டுப்பாட்டிலும் இல்லை. எனவே கோலா, பிஹைண்டா என்பதில் பெரும்பகுதியை முடிவு செய்வது கடைசியாகப் பந்தைத் தொட்ட கைதான். கால், கை கொடுத்ததை வாங்கி அனுப்புகிறது.

பயிற்சியாளர்கள் பந்து போன பாதையைப் பார்த்தே பின்னோக்கிக் காரணம் தேடுவார்கள். வலது கால் வீரருக்குப் பொதுவாகக் காணப்படுபவை இவை:

• பந்து இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போகிறதா? பந்தை உடம்பின் நடுப்பக்கம் விட்டிருப்பார். அதைத் தேடிக் கால் குறுக்கே வீசியிருக்கும்.

• வலப்பக்கம் தள்ளுகிறதா? பந்தை வெளியே தள்ளி விட்டிருப்பார். கால் உடம்பை விட்டு விலகிப் போயிருக்கும்.

• பறக்கும்போதே வளைகிறதா, தள்ளாடுகிறதா? பந்து காலுக்கு வரும்போது பக்கவாட்டில் சாய்ந்திருக்கிறது. சுழற்சி அச்சு கோணலாகிவிட்டது.

• உயரமாகப் போய் தூரம் வரவில்லையா? உடம்பு பின்னால் சாய்ந்திருக்கிறது, அல்லது பந்து உடம்புக்கு மிக நெருக்கமாக விழுந்திருக்கிறது.

• காற்றடிக்கும் நாளில் மட்டும் சொதப்புகிறதா? பந்தை மார்பு உயரத்திலிருந்து விடுகிறார். இறங்கும் தூரம் கூடக்கூட, காற்று பந்தைத் திருப்ப நேரம் கிடைக்கும்.

ஐந்தில் நான்கு காரணங்கள் பந்தை விடும் இடத்தில் வந்து நிற்பதைக் கவனிக்கலாம்.

ஆய்வுகள் சொல்வது என்ன?

கை மட்டும் போதாது, கை நிதானமாக வேலை செய்ய அடித்தளம் வேண்டும். 2006-ல் வெளியான ஓர் ஆய்வில், துல்லியமாக உதைத்த முன்னணி வீரர்களையும் அப்படி உதைக்காதவர்களையும் கேமரா வைத்து ஒப்பிட்டார்கள். துல்லியமானவர்களின் ஊன்றுகால் முழங்கால், தரையில் குதிகால் படும்போது அதிகம் மடங்கியிருந்தது. இடுப்பு மூட்டுகளும் அதிகம் மடங்கியிருந்தன. கட்டை மாதிரி விறைத்து நிற்காமல், உடம்பைக் கொஞ்சம் தாழ்த்தி நிலைப்படுத்திக்கொள்பவருக்குக் குறி கூடிவருகிறது என்று இதைப் புரிந்துகொள்ளலாம்.

தூரத்துக்கான கணக்கு வேறு. 2008-ல் வெளியான கெவின் பாலின் ஆய்வு, கால் பாதத்தின் வேகம், முழங்காலுக்குக் கீழே கால் சுழலும் வேகம், கடைசி அடியின் நீளம் ஆகியவை அதிக தூரத்தோடு தொடர்புடையவை என்று காட்டியது. இங்கேதான் சிக்கல். தூரம் வேண்டும் என்று 50 மீட்டரில் நிற்பவர் நீளமாக அடி வைத்து, வேகமாக வீசுவார். வேகம் கூடும்போது, பந்தை விடுவதில் இருக்கும் சின்னப் பிசகும் பெரிதாகத் தெரியும். அதனால் தன் உச்சபட்ச தூரத்துக்குக் கொஞ்சம் உள்ளே நின்று, பத்துக்கு எட்டு பலத்தில் உதைப்பவர்களுக்குத்தான் கோல் அதிகம் விழும்.

அதற்காக எல்லோரும் ஒரே அச்சில் வார்த்ததுபோல உதைக்க வேண்டும் என்று அர்த்தமில்லை. லான்ஸ் ஃபிராங்க்ளின் இடது காலால், நேராக ஓடாமல் வில்போல வளைந்து ஓடி வந்து உதைப்பார். அவர் போட்ட கோல்கள் 1,066. பீட்டர் ஹட்சன் பந்தைப் படுக்கைவசமாக வைத்து உதைக்கும் பழைய ‘ஃபிளாட் பன்ட்’டை விடவே இல்லை. 129 ஆட்டங்களில் 727 கோல், 1971-ல் மட்டும் 150. பாணி வேறு வேறு. ஆனால் ஒவ்வொரு முறையும் அதே பாணி மாறாமல் வந்தது. அதுதான் இவர்களுக்குள் இருக்கும் ஒற்றுமை.

மூலையிலிருந்து என்ன செய்வது?

கோல் ஒடுங்கித் தெரியும் மூலையில் டிராப் பன்ட்டை நம்பாமல், பந்தை வளைத்து அனுப்புபவர்கள் உண்டு. உடம்பைத் திருப்பி, காலைச் சுற்றி வீசி உதைப்பது ‘ஸ்னாப்’. அதற்கு எதிர்த்திசையில் வளைவது ‘செக்சைட்’, பேச்சுவழக்கில் ‘பனானா’. வளைந்து வரும் பந்துக்கு, கோல் பக்கவாட்டிலிருந்து தெரிவதைவிட அகலமாகத் திறக்கும்.

ஒரு காலத்தில் இது சர்க்கஸ் வேலை, நிதானமாக உதைக்க நேரமிருக்கும்போது எதற்கு என்று கேட்டார்கள். ஜீலாங்கின் ஸ்டீவ் ஜான்சன் செட் ஷாட்டிலேயே ஸ்னாப் உதைத்து அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னார். எட்டி பெட்ஸ் இன்னும் ஒரு படி மேலே. அடிலெய்ட் ஓவல் மைதானத்தின் மூலையிலிருந்து அவர் வளைத்துப் போட்ட கோல்களால், அந்த இடத்துக்கே ரசிகர்கள் ‘எட்டியின் பாக்கெட்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஆண்டின் சிறந்த கோல் விருது அவருக்கு 4 முறை கிடைத்தது.

30 நொடி, மண்டைக்குள் ஓடும் படம்

ஓடிக்கொண்டே உதைக்கும்போது யோசிக்க நேரமில்லை. செட் ஷாட்டில் நேரம்தான் எதிரி. மூச்சு வாங்குகிறது, கூட்டம் கத்துகிறது, ‘மிஸ் ஆனா என்ன ஆகும்?’ என்று ஒரு குரல் உள்ளே கேட்கிறது. பழகிப்போன அசைவை, ‘கை எப்படி இருக்கு, கால் எப்படி இருக்கு’ என்று நடுவில் சோதிக்கத் தொடங்கினால் அது குலைந்துவிடும். மாடிப்படியில் தானாக இறங்கும் கால், ஒவ்வொரு படியையும் எண்ணத் தொடங்கினால் தடுமாறும் இல்லையா, அதுபோல.

இதற்குத்தான் சடங்குபோல ஒரு வரிசை வைத்துக்கொள்கிறார்கள். எஸண்டனின் மேத்யூ லாய்ட் ஒவ்வொரு செட் ஷாட்டுக்கும் முன் கொஞ்சம் புல்லைப் பிய்த்துக் காற்றில் விடுவார். காற்றின் திசை தெரியும், கூடவே மனதுக்கும் ஒரு தொடக்கப் புள்ளி கிடைக்கும். அவர் 926 கோல் போட்டவர். சிலர் அடிகளை எண்ணுவார்கள். சிலர் கோலுக்குப் பின்னால் கேலரியில் ஒரு சின்னப் புள்ளியைத் தேர்ந்தெடுத்து, அதை மட்டும் பார்ப்பார்கள். கூடைப்பந்து ஃப்ரீ த்ரோவில் 1990-களில் ஜோன் விக்கர்ஸ் செய்த ஆய்வு, தேர்ந்த வீரர்கள் எறிவதற்கு முன் இலக்கின் மேல் பார்வையை அசையாமல் நீண்ட நேரம் நிறுத்துகிறார்கள் என்று காட்டியது. ஃபுட்டியிலும் அந்தப் பாடம் பொருந்துகிறது.

2018 இறுதிப்போட்டி. ஏறக்குறைய 2 நிமிடமே மீதம். வெஸ்ட் கோஸ்ட் 2 புள்ளி பின்தங்கியிருக்கிறது. எல்லைக்கோட்டை ஒட்டிய மோசமான கோணத்தில் டாம் ஷீட் மார்க் எடுக்கிறார். முன்னால் காலிங்வுட் ரசிகர்களின் கூச்சல். பிஹைண்ட் போனால் போதாது, கோல் போனால் முன்னிலை. அவர் எந்த வித்தையும் செய்யவில்லை, ஓடி வந்து தன் வழக்கமான உதையை உதைத்தார். பந்து நடுவில் போனது. 79-74, கோப்பை வெஸ்ட் கோஸ்டுக்கு.

குறி தப்பியே ஹீரோ ஆனவரும் உண்டு. 1996 அரையிறுதியில் ஸ்கோர் சமனில் இருக்க, சிட்னியின் டோனி லாக்கெட் சைரனுக்குப் பிறகு உதைத்தது பிஹைண்ட். ஆனால் அந்த 1 புள்ளியே போதும், சிட்னி இறுதிப்போட்டிக்குப் போய்விட்டது. லாக்கெட்டின் மொத்தக் கோல்கள் 1,360. இன்றுவரை யாரும் தொடாத சாதனை.

பயிற்சி எப்படி இருக்க வேண்டும்?

1. பந்தை விடுவதை மட்டும் தனியாகப் பழக வேண்டும். நின்ற இடத்திலேயே, 10 மீட்டரில் நிற்கும் கூட்டாளிக்கு மெதுவாக. தூரம் முக்கியமில்லை. பந்து சீராகப் பின்னோக்கி உருள்கிறதா என்று மட்டும் பார்க்கலாம்.

2. மைதானத்தில் இருக்கும் ஏதாவது ஒரு வெள்ளைக் கோட்டின் மேல் ஓடி வந்து உதைக்க வேண்டும். கால் கோட்டை விட்டு விலகுகிறதா, பந்து கோட்டின் மேலேயே போகிறதா என்பது உடனே தெரியும்.

3. இரண்டு கம்பங்களுக்கு நடுவே அல்ல, ஒற்றைக் கம்பத்தையே குறிவைக்கலாம். சின்ன இலக்குக்குப் பழகிய கண்ணுக்கு ஆட்டத்தில் கோல் பெரிதாகத் தெரியும்.

4. ஓட்டத்தின் அடிகளை எண்ணி, ஒரே எண்ணிக்கையை வைத்துக்கொள்ள வேண்டும். 15 மீட்டரில் கைகூடிய பிறகே 25, பிறகு 35.

5. ஒரே இடத்திலிருந்து 20 முறை உதைப்பது தொடக்கத்துக்குச் சரி. ஆட்டத்தில் ஓர் இடத்துக்கு ஒரே வாய்ப்புதான். எனவே ஒவ்வொரு உதைக்கும் இடம் மாற வேண்டும். இடையில் 100 மீட்டர் ஓடிவிட்டு, மூச்சு வாங்கும்போது 30 நொடிக்குள் உதைத்துப் பார்க்கலாம்.

6. பக்கவாட்டிலிருந்து மொபைலில் ஸ்லோமோஷன் வீடியோ எடுத்து, காலைப் பார்ப்பதற்கு முன் கையைப் பார்க்க வேண்டும்.

இவ்வளவு தெரிந்தும் ஏன் தப்புகிறது?

ரக்பியில் பந்தைத் தரையில் நிறுத்தி உதைக்க ஒரு நிபுணர் இருப்பார். அமெரிக்கன் ஃபுட்பாலில் உதைப்பதற்கென்றே சம்பளம் வாங்கும் வீரர் உண்டு. ஃபுட்டியில் அந்த வசதி இல்லை. யார் மார்க் எடுத்தாரோ அவர்தான் உதைக்க வேண்டும். நடுக்கள வீரர்கள் ஒரே ஆட்டத்தில் 12 கிலோமீட்டருக்கும் மேல் ஓடுவது சாதாரணம். தொடை எரிய எரிய வந்து நின்று 4 டிகிரிக்குள் குறிபார்க்க வேண்டும்.

‘அப்போ நாள் முழுக்க உதைச்சுப் பழக வேண்டியதுதானே?’ என்று கேட்கலாம். அதுவும் முடியாது. முழு பலத்தில் உதைப்பது தொடைத் தசைக்கும் கவட்டைப் பகுதிக்கும் பெரிய சுமை. அதிகம் உதைத்தால் காயம் வரும். அதனால் கிளப்புகள் வாரத்துக்கு எத்தனை உதை என்று கணக்கு வைத்தே விடுகின்றன. எண்ணிக்கையைக் கூட்ட முடியாதபோது, ஒவ்வொரு உதையிலும் எதைப் பழகுகிறோம் என்பதுதான் மிச்சமிருக்கும் ஒரே வழி. பந்தை விடும் பயிற்சிக்கு அந்தச் சுமை கிடையாது, எத்தனை முறை வேண்டுமானாலும் செய்யலாம்.

குறி மட்டுமே கோப்பை தந்துவிடாது என்பதும் உண்மை. 2023 இறுதிப்போட்டியில் பிரிஸ்பேன் 13 கோல், 8 பிஹைண்ட் என்று துல்லியமாக ஆடி 86 எடுத்தது. காலிங்வுட் 12 கோல்தான் போட்டது, 18 பிஹைண்ட். மொத்தம் 90. ஒரு கோல் குறைவாகப் போட்டும் 4 புள்ளியில் கோப்பையைத் தூக்கியது. வாய்ப்பை அதிகம் உருவாக்கினால் தவறுகளும் சேர்ந்து காப்பாற்றும். ஆனால் அந்த 18-ல் நாலைந்து கோலாகியிருந்தால், காலிங்வுட் ரசிகர்கள் கடைசி நிமிடம் வரை நகம் கடித்திருக்க வேண்டியதில்லை.

அடுத்த முறை ஒரு ஏஎஃப்எல் ஆட்டம் கண்ணில் பட்டால், செட் ஷாட்டின்போது கம்பங்களைப் பார்க்காமல் உதைப்பவரின் கையைப் பாருங்கள். பந்து அசையாமல், தொடைக்கு நேராக இறங்கினால் பெரும்பாலும் கோல்தான். கொடி அசைக்கும் நடுவருக்கு முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும்.